கராஜ் பக்கம்: கறளை மறைத்த கறுப்புப் பூச்சு



இம்முறை நாமே கையைச் சுட்டுக்கொண்ட ஒரு விடயத்தை எழுதுகிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் எமது குடும்பங்கள் அதே குழியில் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறோம்.

மூன்று குடும்பங்கள் சேர்ந்து, சீட்டு எடுத்த காசில், ஒரு பழைய லாண்ட் றோவர் வாங்கினோம். 1974 ஆம் ஆண்டு வண்டி. மூன்றாவது தொடர் என்பார்கள். சக்கர இடைவெளி 88 அங்குலம். 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின். எங்களில் மூத்தவர் ஊரில் கராஜ் வைத்திருந்தவர். இங்கே பண்டகசாலையில் பெட்டி தூக்குகிறார். "உதைத் திருத்தி வித்தால் மூண்டு வீட்டுக்கும் ஒரு பிடிமானம் வரும்" என்றார் அண்ணை. மலையகத் தோட்டங்களில் சேறும் ஏற்றமும் பாராமல் ஓடிய வண்டி அல்லவா? கண்டதும் ஊர் ஆளைக் கண்டது போல இருந்தது. அந்தச் சந்தோசத்தில் கீழே குனிந்து பார்க்க மறந்துபோனோம்.

வண்டியின் கதை

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் மொறிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பகுதியில் அங்கிள்சி தீவில் இருந்த தமது பண்ணையில், போரில் மிஞ்சிய ஒரு அமெரிக்க ஜீப்பை ஓட்டிவந்தார். அது பழுதாகிப் போனால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வியில் இருந்துதான் 1947 இல் லாண்ட் றோவர் எண்ணம் பிறந்தது. 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வண்டியை உலகுக்குக் காட்டினார்கள்.

அக்காலத்தில் பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு. எனவே உடலின் பெரும்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அடியில் இருக்கும் செசியும், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே நிற்கும் மறைப்புச் சுவரும் உருக்கு. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கதை விளங்கிவிடும். மேலே பளபளக்கும் அலுமினியம் கறள் பிடிக்காது. கீழே வண்டியைத் தாங்கும் உருக்கு மெல்ல மெல்ல உக்கிப் போகும். கண்ணுக்குத் தெரிவது நல்லது. உயிரைத் தாங்குவதுதான் கெட்டது.

எமக்கு நடந்தது

வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் புதிதாகத் தார் போன்ற கறுப்புப் பூச்சு. "நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்" என்று நாமே சொல்லிக்கொண்டோம். விற்றவர், "40 வயது தாண்டிய வண்டிக்கு எம்.ஓ.ரி. பரிசோதனை தேவையில்லை" என்றார். அது உண்மைதான். ஆனால் சட்டம் கேட்காவிட்டாலும் நாமாகக் கொண்டுபோய்ப் பரிசோதிக்கலாம். அண்ணையின் மனைவி பிடிவாதமாக நின்றபடியால், வாங்கிய பிறகாவது கொண்டுபோனோம்.

பரிசோதகர் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தார். முன்பக்கம் கணீர் என்றது. பின்பக்கம் வந்ததும் சத்தம் மாறி, தகரப் பேணியில் தட்டியது போல் ஆயிற்று. அடுத்த தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. பின் வில்லுத்தகடு மாட்டியிருக்கும் இடத்தில், கறுப்புப் பூச்சுக்குள் இருந்தது கறள் மட்டும்தான். "இதில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்" என்றார்.

அன்றிரவு மூன்று வீட்டாரும் கூடினோம். எங்களில் ஒருவர், "திரும்பக் கறுப்பைப் பூசி வித்துப்போடுவம். எங்களுக்கு வித்தவன் செய்ததைத்தானே நாங்களும் செய்யிறம்" என்றார். அதற்குள் வண்டியைப் பற்றி விசாரித்த ஒருவரும் இருந்தார். எம்மவர்தான். வந்து ஒரு வருடம். இரண்டு சிறு பிள்ளைகள். நாம் சொன்னால் நம்பி வாங்கியிருப்பார்.

நீண்ட நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சீட்டுக் காசு எங்கள் பிள்ளைகளின் சோறு. அதுவும் பொய்யில்லை. கடைசியில் அண்ணைதான் சொன்னார்: "ஊரிலை என்ரை கராஜாலை போன வண்டி ஒண்டும் ஒருத்தரையும் விழுத்தேல்லை. இஞ்சை வந்து துடங்கமாட்டன்." அதோடு பேச்சு முடிந்தது. விசாரித்தவருக்கு உள்ளதைச் சொன்னோம். திருத்துவது என்று தீர்மானித்தோம்.

வாங்குமுன் எங்கே பார்ப்பது?

ஒரு டோர்ச்சும் ஒரு சிறு சுத்தியலும் போதும். விற்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, படுத்துப் பாருங்கள். செசியின் பின் குறுக்குச் சட்டம், வில்லுத்தகடு மாட்டும் இடங்கள், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகள், இவை முதலில் உக்கும். பிறகு மறைப்புச் சுவர்: கால் வைக்கும் பகுதி, கதவுத் தூணின் அடி, காற்றுக் கதவுகளின் மூலைகள். அலுமினியமும் உருக்கும் தொடும் இடங்களில் வெள்ளை மா போலப் பூத்திருந்தால் அங்கே அலுமினியமும் அரிபடுகிறது என்று அர்த்தம். முன் சக்கரத்துக்குப் பின்னே உருண்டையாக இருக்கும் பாகத்தின் முலாம் குழிவிட்டிருந்தால் ஒயில் ஒழுகும்.

செசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் திரும்பி நடவுங்கள். புதிதாகக் கறுப்புப் பூசியிருந்தால், ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள்.

அவிழ்த்துத் திருத்தியது

எமது செசியை ஒட்டித் தப்ப வழியில்லை. அதே அளவில், நாக முலாமில் தோய்த்த புதுச் செசி வாங்கினோம். உருகிய நாகத்தில் முழுதாக அமிழ்த்தி எடுப்பதால் குழாயின் உட்புறமும் காக்கப்படும். இதன் விலை ஆயிரக் கணக்கில் வரும். கைக்காசு போதாமல் ஆறு மாதம் வேலையை நிறுத்தி வைத்தோம். மொத்தத்தில் பதினான்கு மாதம் ஆயிற்று, சனி ஞாயிறுகளில் மட்டும்.

கற்றுக்கொண்டவை சில. ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. உறுதியான தாங்கிகள் வைக்க வேண்டும். 88 அங்குல வண்டியில் பெற்றோல் தாங்கி முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே எடுக்காமல் வெல்டிங் செய்யக்கூடாது. நாக முலாம் மேல் வெல்டிங் செய்தால் வரும் புகை நஞ்சு. பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். பிரித்தானியாவில் அது 1999 இல்தான் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். நட்டுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டால் முனை மழுங்கிப் போகும்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுத்தோம். நட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதினோம். எழுதியது எங்கள் மூத்த மகள்தான். அவளுக்கு இப்போது எம்மைவிட வண்டி தெரியும்.

எதை மேம்படுத்தலாம்?

முதலில் பிறேக். எமது வண்டியில் பிறேக் ஒயில் ஒரே சுற்றாக ஓடியது. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் பிடிக்காது. பிந்திய வண்டிகளில் இருந்தது போல இரட்டைச் சுற்றும், காலின் அழுத்தத்தைக் கூட்டும் சேர்வோவும் போட்டோம். அடுத்தது, புள்ளித் தொடுகைக்குப் பதிலாக மின்னணு முறைத் தீமூட்டி. குளிர் காலையில் வண்டி உடனே பிடிக்கும். பல தகடு வில்லுக்குப் பதிலாகச் சில தகடுகளே கொண்ட பரவளைவு வில் போட்டால் முதுகு தப்பும். காசு இருந்தால்தான் அது.

2021 செப்ரெம்பர் முதல் இங்கே சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கிறார்கள். அது பழைய றப்பர் குழாய்களை அரிக்கும். புதுக் குழாய் போடுங்கள். 5 வீதம் கலந்த உயர்தரப் பெற்றோலையே அடியுங்கள்.

இன்னொன்று. இவ்வண்டியில் மஞ்சள் குமிழை அமுக்கினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் குமிழ்த் தண்டைப் பின்னே இழுத்தால் மெதுவான கியரும் நான்கு சக்கர இழுவையும் சேர்ந்து வரும். அதற்கு வண்டி நிற்க வேண்டும். இவை சேற்றுக்கும் பனிக்கும் மட்டுமே. நடுவில் வேறுபாட்டுப் பற்சக்கரம் இல்லாதபடியால், காய்ந்த தார் வீதியில் இப்படி ஓட்டினால் ரயர் தேயும், அச்சு முறுகும்.

சட்டமும் பிள்ளைகளும்

மூன்றாவது தொடர் 1985 இல் நின்றுவிட்டது. ஆகவே ஏறக்குறைய எல்லாமே 40 வயதைத் தாண்டியவை. வீதி வரி விலக்கு உண்டு, ஆனால் தானாக வராது; விண்ணப்பிக்க வேண்டும். எம்.ஓ.ரி. விலக்கு, கடந்த 30 ஆண்டுகளில் வண்டி பெரிதாக மாற்றப்படாதிருந்தால் மட்டுமே. அதே அமைப்பில் புதுச் செசி போடுவது பெரிய மாற்றமாகக் கொள்ளப்படுவதில்லை; வேறு வகை எஞ்சின் என்றால் முதலில் கேட்டறியுங்கள். விலக்கு இருந்தாலும், ஆபத்தான வண்டியை வீதியில் ஓட்டினால் 2,500 பவுண் வரை தண்டமும் மூன்று புள்ளிகளும் கிடைக்கும். செய்த மாற்றங்களைக் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்தின்போது கைவிட்டுவிடக்கூடும்.

பின்னால் பக்கவாட்டாக இருக்கும் வாங்கில் பிள்ளைகளை நிரப்பிக்கொண்டு கோயிலுக்குப் போகும் ஆசை எங்களுக்கும் இருந்தது. வேண்டாம். பக்கவாட்டு இருக்கையில் குழந்தை இருக்கை பூட்டக்கூடாது. முன்னோக்கிய இருக்கையும் பட்டியும் இல்லையென்றால் சின்னவர்களை பஸ்ஸில் கூட்டிப் போங்கள்.

கணக்கு முடிவு

வண்டியை விற்றோம். எம்.ஓ.ரி. பத்திரமும், ரசீதுகளும், படங்களும் சேர்த்துக் கொடுத்தோம். போட்ட காசு வந்தது, இலாபம் இல்லை. பதினான்கு மாதக் கூலியைக் கணக்குப் பார்த்தால் நட்டம்தான். பணத்துக்காக இந்த வேலையில் இறங்காதீர்கள் என்பதே எமது புத்திமதி.

ஆனால் ஒன்று நடந்தது. அந்தப் படங்களின் இன்னொரு பிரதியை அண்ணை ஒரு கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். ஊர்ச் சான்றிதழை ஒருவரும் பார்க்காத இடத்தில், படங்களைப் பார்த்தார்கள். இப்போது கிழமையில் இரண்டு நாள் அங்கே வேலை. மற்ற நாட்களில் இன்னும் பெட்டிதான். கையில் தொழில் இருந்தும் காட்ட வழியில்லாமல் இருப்போர், செய்த வேலையைப் படமும் எழுத்துமாகச் சேர்த்து வையுங்கள்.

அந்த இரு பிள்ளைகளின் தகப்பன் பிறகு ஒரு சிறிய கார் வாங்கினார். வாங்குமுன் எங்களைக் கூட்டிப்போனார். நாங்கள் நால்வரும் ஈர நிலத்தில் படுத்துக் கிடந்து அடிப்பக்கம் பார்த்தோம்.

உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் குளிர்காலத்துக்கு பற்றரியைப் பேணும் விதம் பற்றிப் பேசுவோம்.