தினைப்புனமும் நாடக ஏடும்

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி வணங்குகிறார்கள். அங்கே போய் வந்ததிலிருந்து ஓர் எண்ணம் எங்களை விடவில்லை: கும்பிட்ட கையோடு உட்கார்ந்து சுவாமிகளைப் படிக்கவும் ஓரிடம் வேண்டும்.

ஷேக்ஸ்பியருக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது. வாஷிங்டனில் ஹென்றி ஃபோல்ஜர், எமிலி ஃபோல்ஜர் தம்பதியர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் 1932இல் ஷேக்ஸ்பியர் நூலகமாகத் திறக்கப்பட்டன. 1623இல் அச்சான அவருடைய நாடகத் தொகுப்பின் 82 பிரதிகள் அங்கே உள்ளன. பக்கத்திலேயே தோட்டமும் உண்டு. அந்தத் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் அவரோடு மேடையேறிய இரு நடிகர்கள், ஹெமிங்ஸும் கான்டெலும். அவர்கள் முனைந்திராவிட்டால் ‘மெக்பெத்’ உட்பட ஏறக்குறையப் பாதி நாடகங்கள் அழிந்தே போயிருக்கும்.

நம்மிடமும் அப்படிப்பட்ட நடிகர்கள் இருந்தார்கள். சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் பயின்ற டி.கே. சண்முகம், ஆசிரியரைப் பற்றித் தனி நூலே எழுதினார். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்த செய்தியை அவர் வழியாகத்தான் அறிகிறோம். சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இன்றும் மதுரை, புதுக்கோட்டைத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. ஆனால் அவருடைய நாடகங்கள் பலவும் நடிகர்களின் தொண்டையிலேயே வாழ்ந்து, அவர்களோடு போய்விட்டன.

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் இருந்துகொண்டு இதைப் பேசக் காரணம் உண்டு. சேலம், நாமக்கல் ஊர்களின் கூத்தும் வாத்தியார் வாயிலிருந்து மாணவன் வாய்க்கு வந்ததுதான். அது எழுத்தில் இருக்கும் இடம் பழைய கையெழுத்து நோட்டுகள். வாத்தியார் கண்மூடியதும் நோட்டு பரணுக்குப் போகிறது, பிறகு கரையானுக்கு.

நாமக்கல்லில் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு நூலகமாக இயங்குகிறது. எழுதியவனுக்குச் செய்யும் மரியாதை பிள்ளைகள் வந்து படிக்கும் இடமாகவும் இருக்கலாம் என்பதற்கு அது நம் கண்முன் உள்ள சான்று. சுவாமிகள் பெயரில் அப்படி ஓர் அறையை இளம்பிள்ளையில் தொடங்க விரும்புகிறோம். சுவாமிகளின் அச்சு நாடகங்களும் நம் பக்கத்துக் கூத்து நோட்டுகளின் படிகளும் அங்கே சேர வேண்டும். அறையை ஒட்டிக் கொஞ்சம் மண் போதும். வள்ளி காத்த தினையை விதைப்போம். முருகன் உருமாறி நின்ற வேங்கையை நடுவோம். கஞ்சமலை அடிவாரத்து மக்களுக்குச் செடி வளர்ப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடகம் படித்த பிள்ளை வெளியே வந்து தினைக்கதிரைத் தொட்டுப் பார்க்கட்டும்.

தறி ஓட்டும் இந்த ஊரில் பணமும் இடமும் மெல்லச் சேரும். நோட்டுகளுக்கு அந்த அவகாசம் இல்லை. உங்கள் வீட்டில், உறவில் கூத்து நோட்டோ நாடகப் பிரதியோ இருந்தால் தகவல் கொடுங்கள். நாங்களே வந்து, உங்கள் முன்னிலையிலேயே பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு, மூலத்தை உங்களிடமே ஒப்படைப்போம். நோட்டில் உள்ள வாத்தியார் பெயரும் ஊர்ப் பெயரும் படியோடு சேர்த்தே பதிவாகும். இந்த மழைக்காலத்துக்கு முன்பே தொடங்கிவிடுவோம்.