வெள்ளம் வடிந்தபின் வரும் பணம்

சென்னை மாநகரின் ஊர்ப்பெயர்களைச் சற்றே நின்று படிப்பவர்க்கு, அந்நகரின் பழைய நீர்நிலைகள் தாமே கண்முன் விரியும். பழவந்தாங்கலில் தாங்கல் உண்டு. திருவல்லிக்கேணியில் கேணி உண்டு. மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் காணும் சாலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு ஒரு சாலையும் உண்டு. ஆங்குக் காண்பதற்கு ஏரிதான் இல்லை!

ஏரி, ஏந்தல், தாங்கல், குளம், குட்டை, ஊருணி, மடு, கழுவெளி எனத் தமிழன் நீர்நிலைகட்கு இட்ட பெயர்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவும் பணியும் இருந்தன. மேட்டில் பெய்த மழையை ஒன்று தாங்கும். நிரம்பியதும் அடுத்ததற்கு விடும். எஞ்சிய நீரைக் கழுவெளி ஏற்று, மெல்ல மெல்லக் கடலுக்குக் கொடுக்கும். அச்சொற்கள் பேச்சிலிருந்து மறைந்ததும், அவை குறித்த நிலைகள் மண்ணிலிருந்து மறைந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை.

அவற்றை அழித்த பழியை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுதற்கில்லை. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியை வடித்துத் தியாகராயர் நகர் எழுப்பப்பட்டது. வான்சிறப்பைத் தம் நூலின் இரண்டாம் அதிகாரமாக வைத்த வள்ளுவர்க்கு, நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்திலேயே 1970-களில் கோட்டம் எழுந்தது. பள்ளிக்கரணைக் கழுவெளியில் மாநகரின் குப்பை மலையாகக் குவிக்கப்பட்டது. பக்கிங்காம் கால்வாயின் நடுவே பறக்கும் தொடர்வண்டிக்குத் தூண்கள் நடப்பட்டன. வெள்ளையன் ஆட்சியும், தில்லி ஆட்சியும், தமிழர் ஆட்சியும் இதில் ஒன்றற்கொன்று இளைத்தவையல்ல.

2015 திசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்தபோது அதன் விளைவை நகரம் கண்டது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பெற்ற கணக்காய்வறிக்கை, அஃது இயற்கையின் சீற்றம் என்று சொல்லி அமையாமல், மாந்தர் விளைத்த பேரிடர் என்றே குறித்தது. அறிந்து விளைத்த இடரைத் தடுப்பதற்கு வேண்டிய பணத்தை யார் தருவது? எப்பொழுது தருவது? எதற்குச் செலவிடுவது? இங்கேதான் பெருங்கேடு உள்ளது.

2021 முதல் 2026 வரைக்குமான பதினைந்தாம் நிதிக்குழு, மாநிலப் பேரிடர்ப் பணத்தில் 80 விழுக்காட்டை இடர் நேர்ந்தபின் செய்யும் பணிகட்கும், 20 விழுக்காட்டை மட்டுமே இடர் தணிக்கும் பணிகட்கும் வகுத்தது. இடிந்தபின் எடுக்க எட்டுப் பங்கு. இடியாமற் காக்க இரண்டு பங்கு! அதே குழு, நகர வெள்ளத்தைத் தடுக்க மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய மூன்றற்கும் தனித்தனியே 500 கோடி உருபா ஒதுக்கப் பரிந்துரைத்தது. அவ்வறிக்கை வெளிவந்தது 2021 தொடக்கத்தில். சென்னைக்கு அப்பணத்தைத் தரும் 561 கோடித் திட்டத்தை நடுவணரசு அறிவித்ததோ 2023 திசம்பரில், மிக்சாம் புயல் நகரை மூழ்கடித்துச் சென்ற சில நாள்கள் கழித்து! மூன்றாண்டுக் காலம் ஏட்டில் உறங்கிய பணம், வெள்ளம் வந்து தட்டிய பின்னரே கண்விழித்தது.

அப்புயலுக்கும், அதே மாதம் தென்மாவட்டங்களை வருத்திய பெருமழைக்குமாகத் தமிழ்நாடு கேட்டது 37,907 கோடி. மாநிலம் உச்சநயன்மன்றம் வரை சென்றபின், 2024 ஏப்பிரலில் விடுவிக்கப்பட்டது 276 கோடி. நூற்றில் ஒரு பங்கும் இல்லை. மாநிலப் பேரிடர்க் கணக்கில் இருப்பு உண்டு என்பது தில்லியின் விடை. கேட்டதில் மிகை இருக்கலாம் என்றே கொள்வோர் கொள்க. வரி செலுத்தும் மக்கள் தம் பங்கைப் பெற வழக்காட வேண்டியிருப்பின், அதற்குக் கூட்டாட்சி என்று பெயரா?

தில்லியைக் குறைகூறுவதோடு தமிழர் கடமை முடிந்துவிடாது. ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் செருமானிய வங்கியிடமும் கடன்பெற்று, பல்லாயிரங் கோடியில் மாநகரில் மழைநீர் வடிகால்கள் கட்டப்பட்டு வந்துள்ளன. வடிகால் வேண்டியதே. ஆயினும் அது நீரைக் கொண்டுசெல்லும் வழி. நீர் தங்கும் இடமன்று. சென்னை கடல்மட்டத்தை ஒட்டிய தட்டை நிலம். புயற்காலத்தில் கடல் பொங்கி நிற்கும். கூவம், அடையாறு ஆகியவற்றின் கழிமுகங்களை மணல்திட்டு அடைக்கும். அந்நேரம் கற்காரை வடிகால் கொண்டுவந்த நீர் எங்கே போகும்? வந்த வழியே தெருவுக்குத் திரும்பும். கடல் தணியும்வரை நீரைத் தாங்கி வைப்பவை ஏரியும் தாங்கலும் கழுவெளியுமே. அவற்றை மீட்காமல் வடிகாலுக்கு மட்டும் கொட்டும் பணம், கடனாக மக்கள் தலையில் நிற்கும், காப்பாக நில்லாது.

அவ்வாறிருக்க, மீட்பு என்னும் பெயரால் முதலில் பெயர்க்கப்படுவோர் யார்? ஆற்றங்கரைக் குடிசை மக்கள். அவர்கள் கொண்டுவிடப்பட்ட பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைக்கு நீர்வரும் தாழ்நிலங்கள். பெருமழையில் ஆங்கும் வெள்ளம் சூழ்கின்றது. ஏழையை ஒரு வெள்ளத்தினின்று எடுத்து இன்னொரு வெள்ளத்தில் வைப்பதற்குப் பொதுப்பணம்! கழுவெளி விளிம்பில் எழுந்த மாளிகைகட்கோ மின்னிணைப்பும் சாலையும்!

பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைக் கூறுகின்றது. அது பார்ப்பனர்க்கே உரிய ஊரவை. அக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் தேர்வு பெறலாகாது என்ற அதன் முறை இன்றைக்கும் பொருந்துவது. ஒவ்வொரு வட்டத்திலும் வடிகாலுக்கும் ஏரிக்கும் செலவான தொகை, பணியின் அளவு, ஒப்பந்தம் எடுத்தவர் பெயர் ஆகிய மூன்றும் தமிழில் எழுதித் தெருமுனையில் வைக்கப்படட்டும். படித்தறிந்த மக்கள் கேள்வி கேட்பர். கேள்வி வரும் என்றறிந்த கை பணத்தைத் தொட அஞ்சும்.

எண்பதுக்கு இருபது என்னும் பங்கீடு தலைகீழாக வேண்டும். காப்புப் பணம் மழைக்கு முன்னரே, உரிமையாக வரவேண்டும். அதன் முதற்செலவு நீர்நிலைகளை மீட்பதாக இருத்தல் வேண்டும். தாங்கலும் கேணியும் ஊர்ப்பெயரில் மட்டும் எஞ்சியிருக்கும் நகரத்தை, அடுத்த பெருமழை அப்பெயர்கள் சொல்லும் பழைய வழியிலேயே தேடி வரும். நீர் தன் இடத்தை மறப்பதில்லை, மறந்தவர் மாந்தரே.