பிள்ளையை காணோமா? முதல்ல எப்.ஐ.ஆர்... அப்புறம்தான் கம்ப்யூட்டர் தேடும்!

காணாமல் போன, கடத்தப்பட்ட பிள்ளைகளை போலீசார் இப்போது தெருவில் மட்டும் தேடுவது இல்லை. கம்ப்யூட்டரிலும் தேடுகிறார்கள். ஆனால் அந்த கம்ப்யூட்டரில் விவரத்தை ஏற்ற வேண்டியது நம்ம ஏரியா போலீஸ் நிலையம். அங்கே "நாளைக்கு வாம்மா" என்று சொல்லிவிட்டால் கம்ப்யூட்டர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

முன்பெல்லாம் சென்னையில் ரெயில் ஏறிய பையன் வேறு மாநிலத்தில் போய் இறங்குவான். அங்கே ஏதாவது காப்பகத்தில் இருப்பான். பெற்றவர்கள் இங்கே அழுதுகிட்டு இருப்பார்கள். ரெண்டு ஊர் போலீசுக்கும் ஒருத்தர் விஷயம் ஒருத்தருக்கு தெரியாது.

2 பட்டியல்

இதற்காகத்தான் மத்திய அரசு 'டிராக் சைல்டு' இணையதளத்தை கொண்டு வந்தது. காணாமல் போன பிள்ளைகளின் விவரத்தை போலீசார் ஏற்றுவார்கள். மீட்கப்பட்ட பிள்ளைகளின் விவரத்தை காப்பகங்கள் ஏற்றும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பிள்ளை எங்கே என்று தெரியும். பொதுமக்களும் தகவல் தர 2015-ல் 'கோயா-பாயா' தளம் வந்தது. இவை பிறகு 'மிஷன் வாத்சல்யா' தளத்தில் சேர்க்கப்பட்டன.

டெல்லியில் நடந்தது

2018 ஏப்ரலில் டெல்லி போலீசார் முகத்தை அடையாளம் காணும் சாப்ட்வேரை சோதித்தனர். காப்பகங்களில் இருந்த சுமார் 45 ஆயிரம் குழந்தைகளின் படங்களை ஒப்பிட்டதில் 4 நாளில் 2,930 பேர் அடையாளம் தெரிந்தது. நாடே ஆச்சரியப்பட்டது.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், இது 2 சதவீதம் அளவுக்குத்தான் சரியாக வேலை செய்கிறது என்று ஐகோர்ட்டில் சொல்லப்பட்டது. ஆணா, பெண்ணா என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை என்ற தகவலும் 2019-ல் கோர்ட்டுக்கு வந்தது. வளர்கிற பிள்ளைக்கு முகம் மாறிக்கிட்டே இருக்கும். 3 வயசு போட்டோவை வைத்து 8 வயசு பையனை தேடினால் மெஷின் திணறத்தான் செய்யும். ஆகவே மெஷின் காட்டுவது துப்பு மட்டுமே. நேரில் போய் விசாரித்து உறுதி செய்வது போலீஸ்காரர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளை காணாமல் போனதாக புகார் வந்தால் கடத்தல் என்றே கருதி வழக்கு பதிய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2013 மே மாதம் உத்தரவிட்டது. 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி எந்த போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது. எப்.ஐ.ஆர். நகலையும் காசு வாங்காமல் தர வேண்டும்.

என்ன செய்யணும்?

* பிள்ளையின் புது போட்டோ எப்பவும் செல்போனில் இருக்கட்டும். முகம் நேராக, தெளிவாக தெரியணும்.

* மச்சம், தழும்பு, உயரம், போட்டிருந்த டிரஸ் எல்லாத்தையும் புகாரில் எழுதுங்க.

* 1098 அல்லது 112-க்கு உடனே போன் போடுங்க.

* எப்.ஐ.ஆர். நகலை கையில் வாங்காமல் திரும்பாதீங்க. இணையதளத்தில் ஏற்றியாச்சா என்றும் கேளுங்க.

கம்ப்யூட்டர் தேடுவதற்கு அதிக நேரம் ஆகாது. ஸ்டேஷன் ரைட்டர் எப்போது எழுத ஆரம்பிக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் ஒரு ராத்திரி தள்ளிப் போட்டால், பிள்ளையை தூக்கியவன் அதற்குள் மாநிலம் தாண்டிவிடுவான்.