அளந்தால் அழியும் என்பது அரைப்பாடம்

இளநிலை இயற்பியல் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் இரண்டு மதிப்பெண் வினா: குவாண்டம் அமைப்பை அளந்தால் என்ன ஆகும்? 'நிலை குலையும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த வினாவுக்குத் தாவிவிடுகிறார்கள். விடைத்தாள் திருத்தும் நானும் முழு மதிப்பெண் போடுகிறேன். பாடத்திட்டம் அத்தோடு நின்றுவிடுவதுதான் என் குறை.

அளவீடு அழிப்பதோடு நிற்பதில்லை, ஆக்கவும் செய்யும். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான கியூபிட்கள் நான்கை எடுத்துக்கொள்வோம். அ, ஆ ஒரு ஜோடி. இ, ஈ இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும், ஒன்றின் விடை மற்றதன் விடையோடு பிணைந்திருக்கும் குவாண்டம் பின்னல் (entanglement) உண்டு, ஜோடிகளுக்கிடையே எதுவும் இல்லை. ஆ-வையும் இ-யையும் சேர்த்து அளந்தால், ஒன்றையொன்று சந்தித்தே இராத அ-வும் ஈ-யும் பின்னிக்கொள்கின்றன! ஆன்டன் சைலிங்கரின் குழு 1998-லேயே ஒளித்துகள்களில் இதைச் செய்துகாட்டியது. ஆனால், நான்கு விடைகளில் எது வந்தது என்று ஈ இருக்கும் இடத்துக்குத் தெரிவித்து, அதற்கேற்ப ஈ-யைத் திருத்த வேண்டும். தெரிவிக்காவிட்டால் மிஞ்சுவது வெறும் இரைச்சல்.

கியூபிட்கள் பெருகும்போது விஷயம் இன்னும் சுவையானது. அளவீடு அரிதாக இருந்தால் பின்னல் அமைப்பு முழுக்கப் பரவும்; ஒரு வரம்பைத் தாண்டினால் சட்டென்று அக்கம்பக்கத்தோடு சுருங்கிவிடும். 2018-ல் கோட்பாட்டாளர்கள் இதைச் சொன்னார்கள். சோதிப்பதுதான் பெரும்பாடு. 50 அளவீடுகள் என்றால் விடைவரிசைகள் சுமார் 11 கோடி கோடி. பின்னலைச் சரிபார்க்க ஒரே வரிசை பலமுறை வர வேண்டும்; அதுவரை யார் காத்திருப்பது? கூகுள் குழு 2023-ல் 70 கியூபிட்கள் வரை வைத்து, வந்த விடைகளைச் சாதாரணக் கணினியின் கணக்கோடு பொருத்திப் பார்த்தது. குவான்டினியம் நிறுவனமோ 27 அயனிகளில் அளந்து, விடைக்கேற்ப உடனே திருத்தி, நெடுந்தொலைவுப் பின்னல் கொண்ட நிலையையே உருவாக்கியது.

'உடனே' என்பதில்தான் சூட்சுமம். குவாண்டம் கணினியின் பிழைதிருத்தமும் இதே போல அளந்து திருத்துவதுதான்; கூகுளின் 'வில்லோ' சில்லில் அதன் ஒரு சுற்றுக்கு 1.1 மைக்ரோநொடி. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து விடைகளைப் படித்துப் பிழையைக் கண்டுபிடிப்பது நாம் அறிந்த சாதாரண மின்னணுவியல்தான்.

2023-ல் ஒப்புதல் பெற்ற இந்தியாவின் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ரூ.6,003 கோடி. செய்திகளில் எண்ணப்படுவதோ கியூபிட்கள் மட்டும். அளந்து திருத்த எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்பதில்லை. நம் பொறியியல் கல்லூரிகளின் மின்னணுவியல் மாணவர்கள் நேராக நுழையக்கூடிய வாசல் அது. பாடத்திட்டக் குழுவினரே, அந்த நான்கு கியூபிட் கணக்கை அடுத்த ஆண்டாவது சேருங்கள். இரண்டு வகுப்பு நேரம் போதும்.