செக்ரோலில் ஆப்சென்ட் போட்ட கை



"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டிய ஆள்" என்று நம் தோட்டங்களில் வாய் கூசாமல் பேசுகிறோம். ஜோகூர்ப் பக்கம் தம்போய் என்பார்கள். ஊர் வேறு, ஏச்சு ஒன்றுதான். தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டில் ஏற்பட்ட அந்த மனநோய் ஆஸ்பத்திரிக்கு இன்று பஹாகியா என்று பெயர். மகிழ்ச்சி என்று பொருள். பலகையை மாற்றி என்ன பயன்? நம் நாக்கு மாறவில்லையே!

இதை எழுதுகிறவன் உத்தமன் அல்லன். செக்ரோல் எழுதும் கிராணி. 2024ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், நான் அண்ணே என்று அழைப்பவர், பல நாள் தூக்கமில்லாமல் தவித்தார். யாரோ தம்மை ஏசும் குரல் காதில் கேட்கிறது என்றார். ஒரு நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார். தேடிப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்து வாரம் வார்டில் இருந்தார். ஐந்து வாரமும் அவர் பெயருக்கு நேரே நான் ஆப்சென்ட் போட்டேன். "பைத்தியத்துக்கு நோய் லீவு கிடையாது" என்றது நிர்வாகம். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தா கட்டிய சங்கத்துக்காரன்தான். பேனா மட்டும் துரை பக்கம் நின்றது.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியவருக்கு ஆண்டில் 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. 2023 ஜனவரி முதல் இது, சர்வீசுக்கு ஏற்றபடி கிடைக்கும் 14, 18, 22 நாள் சாதாரண நோய் லீவில் கழியாமல் தனியாகவே நிற்கிறது. காலில் கத்தி பட்டவனுக்கு ஒரு கணக்கு, மனம் கலங்கியவனுக்கு ஒரு கணக்கு என்று அந்தப் பிரிவு பிரிக்கவில்லை. பிரித்தது நாம்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் போக வேண்டும். போகவில்லையென்றால் அனுமதியின்றி நின்றதாகிவிடும். காரணமும் தகவலும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் நின்றால் ஒப்பந்தத்தை முறித்ததாகச் சொல்லிச் சீட்டைக் கிழிக்கலாம். தன் பெயரே நினைவில்லாதவன் ஆபீசுக்கு எப்படித் தகவல் சொல்வான்? வீட்டார்தான் சொல்ல வேண்டும். அன்றே சொல்லுங்கள். டாக்டர் சீட்டில் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். மானத்துக்கு அஞ்சி "உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்" என்று மழுப்பினால், அந்தப் பொய்யே வேலையைத் தின்றுவிடும். அண்ணி அப்படித்தான் சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அக்கம்பக்கத்து வாய்க்குப் பயந்தார்.

வார்டு என்றால் சங்கிலி, இரும்புக் கம்பி என்று கதை கட்டுகிறோமே, போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? நானும் ஒரே முறைதான் போனேன், நாலாவது வாரத்தில். வேளைக்குச் சோறு, வேளைக்கு மருந்து. மிஸ்ஸி எதிரே நின்று விழுங்க வைக்கிறார். முதல் வாரம் தூக்கத்திலேயே கழிந்ததாம். பிறகு குரல்கள் மெல்ல அடங்கினவாம். அண்ணன் என்னைக் கேட்டது இதுதான்: "தம்பி, என் நிரையை யார் வெட்டுறா? பட்டையில காயம் படாம வெட்டச் சொல்லு." புத்தி தெளிந்த வெட்டுக்காரர் கேட்கிற கேள்வி இது. அந்த நிரை அதற்குள் வேறு ஆளுக்குப் போயிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

வீடு திரும்பினால் நோய் முடிந்தது என்று எண்ணுவது அடுத்த தவறு. டாக்டர் சொல்லும் காலம் வரை மருந்து தொடர வேண்டும். குணமாகிவிட்டது என்று தானே நிறுத்திவிட்டு மறுபடி வார்டுக்குப் போகிறவர் பலர். ஏன் நிறுத்துகிறார்கள்? இரவில் விழுங்கிய மாத்திரை சிலருக்கு விடியற்காலையிலும் தலையை அழுத்தும். சிலருக்குக் கை நடுங்கும். நம் தொழிலோ இருட்டில் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு கூரான கத்தி பிடிப்பது. பெரட்டுக்கு நேரமாகிறதே என்று மாத்திரையை விடுகிறான். "நான் விடியுமுன் மரம் வெட்டுகிறவன்" என்று டாக்டரிடம் சொன்னால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்ப்பார். தோட்டமும் சில வாரம் ஸ்டோரிலோ நர்சரியிலோ பகல் வேலை கொடுக்கலாம். அதனால் கம்பெனி திவாலாகிவிடாது!

அண்ணனுக்கு என்ன கொடுத்தார்கள்? புல்வெட்டு. அதுவும் கண்டிராக்டில். நம்மவர்கள் என்ன கொடுத்தார்கள்? அவர் வந்தால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவையே 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. அரசாங்கத்துக்கு இளகிய மனம் அடுத்த வீட்டுக்காரனுக்கு இளகவில்லை.

அந்த ஐந்து வாரச் செக்ரோல் பக்கங்களை நானே நகலெடுத்து, என் கையெழுத்தைக் காட்டி, கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டை அண்ணி பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். சம்பளப் பாக்கிக்கு மனு போகிறது. "ஆபீசுப் பக்கத்தை வெளியே கொடுத்தது யார்?" என்று மானேஜர் கேட்பார். கேட்கட்டும். மற்றத் தோட்டங்களில் செக்ரோல் எழுதும் கிராணித் தோழர்களே, உங்கள் பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.