காந்தளுக்கு வேலியில் ஓர் இடம் கொடுங்கள்

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலியில், ஆவணி மழைக்கு ஒரு கொடி முளைத்து ஐப்பசியில் தீயாகப் பூக்கும். "கண்வலிப் பூ, கிட்டப் போகாதே" என்று அப்பத்தா அதட்டுவார். அதுதான் நம் மாநில மலர் செங்காந்தள் என்பது பள்ளியில்தான் தெரிந்தது.

இன்று கிளுவை போய்க் கம்பி வேலி வந்துவிட்டது, கொடியும் போய்விட்டது. மனம் கேட்காமல், கண்வலிக்கிழங்கு பயிரிடும் விவசாயி ஒருவரிடம் நான்கு கிழங்குகள் வாங்கி வந்தேன். கலப்பைபோல் வளைந்த கிழங்கு. நுனியில்தான் முளை இருக்கும். அது ஒடிந்தால் வீண். படுக்கவைத்து மண் மூடி, பக்கத்தில் குச்சி நட்டேன். கட்டிவிடும் வேலையே இல்லை. இலை நுனியே சுருண்டு குச்சியைப் பற்றிக்கொண்டது.

பச்சை மொட்டு தலைகுனிந்து நிற்கும். விரிந்ததும் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கும். ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். மஞ்சளில் தொடங்கி, நாளாக ஆக முழுச்சிவப்பாகிவிடும்.

தை மாதம் கொடி காய்ந்தது. தண்ணீர் போதவில்லையென்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டு கிழங்குகள் அழுகின. கொடி காய்ந்தாலும் செடி சாகவில்லை, மண்ணுக்குள் உறங்குகிறது என்று பிறகுதான் புரிந்தது. தப்பிய இரண்டும் அடுத்த மழைக்குத் தாமாகவே முளைத்தன. கோடையில் சொட்டுத் தண்ணீர் கேட்காத இந்தச் செடியை விட்டுவிட்டு, தினமும் நீர் கேட்கும் வெளிநாட்டுப் பூச்செடிகளை ஏன் தேடி ஓடுகிறோம்?

நஞ்சாயிற்றே என்பார்கள். உண்மைதான். கிழங்கு முதல் விதைவரை கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு. கீல்வாத மருந்தாவதும் அதுவே. கையுறை போட்டுக் கிழங்கைத் தொடுங்கள். குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டாத மூலையில் வையுங்கள். அரளியும் நஞ்சுதான், அதை வாசலிலேயே வளர்க்கிறோமே!

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: காட்டிலிருந்து தோண்டி எடுக்காதீர்கள். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே அது அங்கே அருகிவருகிறது. பயிரிடுவோரிடம் கிழங்கோ விதையோ வாங்குங்கள். விதையென்றால் பூக்கச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய கபிலர், காந்தளைத்தான் முதலில் வைத்தார். நாம் முதலிடம் தர வேண்டாம், வேலியோரம் ஒரு முழ இடம் கொடுத்தால் போதும். மழை வந்ததும் மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.