கந்தளாயில் ஒரு துறைமுகம் வேண்டும்

கடலில்லாத கந்தளாய்க்குத் துறைமுகமா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்குமுன் அவர்கள் திருகோணமலையைச் சற்று நோக்கட்டும். அங்கே கடல் உண்டு. உலகின் இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்தவற்றில் ஒன்றென மாலுமிகள் போற்றும் ஆழமும் உண்டு. ஆயினும் அத்துறைமுகத்தின் அயலில் வாழும் கமக்காரனுக்கும் கடற்றொழிலாளிக்கும் சிறு கைத்தொழிலாளிக்கும் அதனால் விளைந்த பயன் யாது? பின்னிலத்தின் விளைபொருளைக் கப்பலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி இல்லாதவரையில், எத்துணை ஆழமான துறைமுகமும் கப்பல்களுக்கு உரியதேயன்றி மக்களுக்கு உரியதாகாது.

ஈச்சிலம்பற்றை எடுத்துக்கொள்வோம். கொட்டியாரக் குடாவுக்கு வடக்கே துறைமுகம், தெற்கே ஈச்சிலம்பற்று. வெருகலாறும் மாவிலாறும் ஊட்டும் வயல்கள், கிழக்கே கடல், மேய்ச்சல் நிலத்திலே மந்தைகள். நெல்லும் நிலக்கடலையும் மீனும் இறாலும் நண்டும் தயிரும் தரும் மண் அது. இப்பொருள்கள் எங்கே போகின்றன? அறுவடை நாளில் வயற்கரைக்கு வரும் வியாபாரியின் லொறியில், அவன் சொன்ன விலைக்கு ஏறிப் போகின்றன. அவை எங்கே பொதிசெய்யப்பட்டன, எந்த நாட்டுக்குச் சென்றன, என்ன விலை பெற்றன என்பதை விளைவித்தவன் அறியான். துறைமுகத்தின் அயலவனாய் இருந்தும் உலகச் சந்தைக்கு அவன் தொலைவிலேயே நிற்கிறான்.

இந்நிலை தானாக வந்ததன்று. திருகோணமலைக்குப் புகையிரதப் பாதை 1927ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மறு ஆண்டில் மட்டக்களப்புப் பாதை முடிவுற்றது. கல்லோயாச் சந்தியில் இவ்விரு பாதைகளும் பிரிகின்றன. பாதை வந்ததேயன்றி வாணிபம் வரவில்லை. 1957 வரையில் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாகவே இருந்தது. அதன்பின் ஆட்சி செய்தோரும் ஏற்றுமதி இறக்குமதி அனைத்தையும் கொழும்பிலேயே குவித்தனர். பின்னாளில் சீனன்குடாவில் மா ஆலையும், துறைமுகத்தின் கரையில் சீமெந்து ஆலையும் எழுந்தன. அவை வரவேற்கத்தக்கவையே. எனினும் கப்பலிலிருந்து இறங்கும் கோதுமையும் கிளிங்கரும் ஈச்சிலம்பற்றின் பொருள்கள் அல்ல. புல்மோட்டையின் கனிய மணலோ பெரும்பாலும் மூலப்பொருளாகவே பிற நாடு போகின்றது.

உள்நாட்டுப் புகையிரதத் துறைமுகம் என்பது என்ன? கடலிலிருந்து விலகிய ஓரிடத்தில், புகையிரதப் பாதையை ஒட்டி, கொள்கலன்களை ஏற்றி இறக்கும் முற்றம் அமைத்து, சுங்க அதிகாரிகளை அங்கேயே இருத்துவதுதான். சரக்கு அங்கே நிறுக்கப்படும், சோதிக்கப்படும், கொள்கலனில் அடைத்து முத்திரையிடப்படும். பின்னர் அது கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் மீண்டும் திறந்து பார்க்கவேண்டிய தேவையின்றிக் கப்பலேறும். துறைமுகத்தின் வாயில், சரக்கு விளையும் இடத்துக்கே வந்துவிடுகின்றது.

இது வெறுங்கனவன்று. இந்தியாவிலே 1981இல் பெங்களூரில் இத்தகைய முதலாவது நிலையம் தொடங்கி, சென்னைத் துறைமுகத்துடன் புகையிரதத்தால் இணைந்தது. 1988இல் இதற்கெனவே இந்திய அரசு ஒரு கழகத்தை நிறுவியது. 45 பெட்டிகள் பூட்டிய ஒரு சரக்கு வண்டி இருபதடிக் கொள்கலன்கள் 90ஐ அங்கே ஒரே தடவையில் இழுத்துச் செல்கின்றது. அத்தனை லொறிகளும் அத்தனை சாரதிகளும் வீதியில் மிச்சமாகின்றனர். அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ள்ஸ்டன் துறைமுகத்துக்கு 212 மைல் தொலைவிலுள்ள கிரீயர் என்னும் ஊரில் 2013இல் இவ்வாறொரு நிலையம் திறந்தார்கள். அயலிலிருந்த பெரும் மோட்டார்த் தொழிற்சாலையின் சரக்கே அதற்கு முதல் ஊட்டமாயிற்று. நிலையம் நிலைத்தபின் அந்தப் பிராந்தியத்தின் ஏனைய உற்பத்தியாளரும் அதனைப் பயன்படுத்தலாயினர்.

இதனால் சிறியவனுக்கு என்ன இலாபம்? மூன்று இலாபங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது, சேர்த்தனுப்பும் வசதி. ஒரு கொள்கலனைத் தனியே நிரப்ப ஈச்சிலம்பற்றின் நிலக்கடலைச் செய்கையாளனால் இயலாது. பத்துப் பேரின் பொருளை ஓரிடத்தில் சேர்த்து நிரப்பினால் வாடகை பத்தாகப் பங்கிடப்படும்.

இரண்டாவது, வெற்றுப் பயணம் ஒழிதல். இன்று கிழக்கிலிருந்து பொருள் அனுப்ப விரும்புவோன் கொழும்பிலிருந்து வெறுங்கொள்கலனை வரவழைத்து நிரப்பித் திருப்பி அனுப்பவேண்டும். போக்கும் வரவும் அவன் தலையிலேயே விழுகின்றன. இறக்குமதிப் பொருளுடன் வந்த கொள்கலனை இங்கேயே வெறுமையாக்கி, ஏற்றுமதிப் பொருளால் நிரப்பினால் அச்செலவில் ஒரு பாதி குறையும்.

மூன்றாவது, காலமும் பணமும். உள்நாட்டிலேயே ஏற்றுமதிப் பத்திரங்கள் கிடைக்குமாயின் வங்கியிடம் அவற்றைக் காட்டி முற்பணம் பெறலாம். கப்பல் வரும்வரை முதலை முடக்கிக் காத்திருக்க வல்லவன் பெருவணிகன் ஒருவனே. குளிர்க் கொள்கலனுக்கு மின்சாரம் தரும் வசதியும் இருந்தால் மீனும் நண்டும் கரையிலேயே பழுதாகி அடிமாட்டு விலைக்குப் போகும் அவலம் தீரும்.

கந்தளாயை ஏன் சொல்கிறோம்? அங்கே புகையிரத நிலையம் உண்டு. பெருங்குளம் ஊட்டும் நெல்வயல்கள் உண்டு. அல்லை–கந்தளாய் வீதி கொட்டியாரப்பற்றை அதனுடன் இணைக்கிறது. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலமும், அதனையடுத்து வெருகல் முதலிய துறைகளில் எழுந்த பாலங்களும், ‘பாதை’க்காக மணிக்கணக்கில் காத்துநின்ற காலத்தை முடித்துவைத்தன. அறுபதுகளில் கரும்பு ஆட்டி, தொண்ணூறுகளில் மூடிப்போன சீனி ஆலையும் அங்கேதான் கிடக்கிறது.

ஓர் ஐயம் எழும். கந்தளாயிலிருந்து திருகோணமலை நாற்பது கிலோமீட்டர் அளவே. அவ்வளவு குறுகிய தூரத்துக்குப் புகையிரதம் கட்டுமா? கட்டாது. அதை நாம் மறைக்கவில்லை. அன்றியும், கொள்கலன் கப்பல்கள் இன்று நாடுவது கொழும்பையே. 2023இல் அத்துறைமுகம் கையாண்டது ஏறத்தாழ 70 இலட்சம் கொள்கலன் அலகுகள். ஆதலால் முதற்கட்டத்தில் கந்தளாயின் சரக்கு வண்டி கல்லோயா, மாகோ வழியாகக் கொழும்புக்கே செல்லட்டும். நெடுந்தூரத்தில்தான் புகையிரதத்தின் சிக்கனம் புலப்படும். பொலன்னறுவையின் சரக்கும் மட்டக்களப்பின் சரக்கும் கல்லோயாவில் வந்து சேரட்டும். கிழக்கின் சரக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறிய பின்னரே, திருகோணமலைக்கு வாருங்கள் என்று கப்பற் கம்பனிகளை அழைக்க நமக்கு வாயிருக்கும். சரக்கு இல்லை, ஆகவே கப்பல் இல்லை. கப்பல் இல்லை, ஆகவே சரக்கு இல்லை என்னும் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்கவேண்டாமா?

இதற்கு வானளாவிய கட்டடங்கள் தேவையில்லை. கெட்டித் தரையிட்ட முற்றம், பாரந்தூக்கி, நிறுவைத் தராசு, குளிர்க் களஞ்சியம், சுங்கக் காரியாலயம், கிழமைக்கு ஒரு வண்டி: இவற்றோடு தொடங்கலாம்.

ஆனால் ஒன்றை ஐயந்திரிபற உரைக்க விரும்புகிறோம். அபிவிருத்தி என்ற சொல்லைக் கேட்டதும் கொட்டியாரப்பற்று மக்கள் அஞ்சுவது இயல்பே. 2006இல் மாவிலாற்று மதகை ஒட்டி மூண்ட போரில் ஈச்சிலம்பற்றும் சம்பூரும் வெறுமையாயின. சம்பூர் மக்களோ தம் மண் அதியுயர் பாதுகாப்பு வலயமென்றும் முதலீட்டு வலயமென்றும் எழுதப்பட்டதைக் கண்டனர். அதில் 818 ஏக்கரைத் திருப்பித்தர 2015 வரையில் போராடவேண்டியிருந்தது. ஆகவே, ஒரு கமக்காரனின் ஒரு முழ வயலும் இத்திட்டத்துக்காகப் பறிபோகலாகாது. கந்தளாயில் அரச நிலம் இருக்கிறது. மூடிய ஆலையின் நிலம் இருக்கிறது. அவை போதும்.

யார் நடத்துவது என்பதும் முக்கியம். 2017இல் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாணசபைக்கு அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படவில்லை. மக்கள் பிரதிநிதிகள் இல்லாத வேளையில் கொழும்பின் மேசைகளில் வரையப்படும் திட்டம் எவருக்குப் பயன்படும் என்பதை நாம் அனுபவத்தால் அறிவோம். புகையிரதத் திணைக்களத்துடனும் துறைமுக அதிகாரசபையுடனும் மாகாணத்துக்கும், உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதன் நிருவாகத்தில் இடம் வேண்டும். ஈச்சிலம்பற்றுத் தமிழனின் நிலக்கடலையும், கிண்ணியா முஸ்லிமின் மீனும், கந்தளாய்ச் சிங்களவனின் அரிசியும் ஒரே வண்டியில் ஏறட்டும். நியாயமான விலை பெறும் உரிமை மூவருக்கும் பொதுவானது.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. எந்தப் பருவத்தில் எந்த ஊரில் எத்தனை தொன் பொருள் சேரும் என்ற கணக்கில்லாமல் எந்தத் திணைக்களமும் வண்டி விடாது. அக்கணக்கைத் திரட்டுவது நம் பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணிகளின் பணி. பொருளைத் தரம்பிரித்து, சங்கமாகச் சேர்ந்து, சொன்ன நாளில் சொன்ன அளவு தருவது கமக்காரரின் பணி. படித்தவரும் பாடுபடுவோரும் தத்தம் பங்கைச் செய்தபின் ஒன்றாகச் சென்று கதவைத் தட்டினால், அதனைத் திறவாதிருக்க எந்த ஆட்சியாளராலும் இயலாது.